மூன்றாவது வளைவில் ஒன்பது முறை கவிழ்ந்த ஜீப்பு

ஒரு ஜீப்பு ஓட்டுநரின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடப் பார்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு விளையாட்டுக்கு விதி எழுதினேன், அவ்வளவுதான். ஆனால் போடியில் இன்றைக்கும் சிலர் என்னைக் கண்டால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அவர்கள் வாயிலிருந்து நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது.

பெங்களூரில் ஆறு வருடம் கணினி முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, போடிக்குத் திரும்பி, அத்தா, அதாவது என் அப்பா, நடத்திய பேப்பர் கடையை ஜெராக்ஸ் கடையாக மாற்றியவன் நான். அந்த ஆறு வருடத்தில் நான் கற்றுக்கொண்ட உருப்படியான காரியம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அறைக்கூட்டாளிகளோடு ஆடிய ஒரு விளையாட்டு. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதை சொல்லுவார். "காட்டு வழி, முன்னால் ஒரு பாலம், பாதி உடைந்திருக்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருவன் திருடன், ஒருத்தி வைத்தியக்காரி. தாண்டுகிறேன் என்று சொன்னால் பகடையை உருட்ட வேண்டும். விழுகிற எண்ணைப் பொறுத்துத் தாண்டுவான், அல்லது தண்ணீரில் கிடப்பான். வளர்ந்த ஆட்கள் கூச்சமில்லாமல் கதைவிடுவதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடையாது.

ஊரில் இதை ஆட ஆளில்லை. சரி, தமிழில் நானே ஒன்றைச் செய்கிறேன் என்று கிளம்பினேன். வெளியூர்ப் புத்தகங்களில் எல்லாம் கோட்டையும் நெருப்பு கக்கும் மிருகமும்தான். நமக்கு எதற்கு அது? என் கதை இப்படி: ஏலமலை உச்சியில் ஒரு பாழடைந்த எஸ்டேட் பங்களா. ஆள் கிடையாது, ஆனால் மாலையானால் விளக்கு எரிகிறது. போடியிலிருந்து நாலு பேர் ஜீப்பில் ஏறிப்போய், யார் விளக்கேற்றுவது என்று பார்த்துவர வேண்டும். அந்தப் பங்களாவுக்கு மட்டும் முப்பது பக்கம் எழுதியிருக்கிறேன். சமையலறையில் எத்தனை அண்டா என்பது வரை இருக்கிறது. இன்றுவரை அதை ஒருவரும் போய்ப் பார்த்ததில்லை.

முதலில் விதி மொத்தமே நாலு பக்கம்தான். அது வளர்ந்ததற்குக் காரணம் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். ஏலக்காய் வியாபாரி. காயைக் கையில் அள்ளினால் சல்லடை இல்லாமலே எட்டு மில்லிமீட்டர் எது, ஏழு மில்லிமீட்டர் எது என்று சொல்லிவிடுவார். அதே கண்ணோடு என் விதிகளைப் படித்தார்.

"மாப்ளே, கயிறு வச்சிருந்தா பாலத்தத் தாண்ட ஒரு பாயிண்டு கூடன்னு போட்டிருக்க. நான் பத்துக் கயிறு கொண்டு வர்றேன். பத்துப் பாயிண்டு தருவியா?"

நான் கயிற்றுக்கு அரைப் பக்கம் எழுதினேன். அடுத்த வாரம் வந்து, கயிறு நனைந்திருந்தால் என்ன என்றார். நனைந்த கயிற்றுக்கு ஒரு பக்கம். நனைந்த கயிற்றைக் காயவைக்க எத்தனை மணி நேரம் என்றார். இப்படியே போனது. ஓர் ஓட்டையை அடைத்தால் அவர் இன்னொன்றைக் காட்டுவார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக, ஒருவருடைய குதர்க்கத்துக்குப் பயந்து நான் நூற்று நாற்பத்திரண்டு பக்கம் எழுதிவிட்டேன். அப்போது எனக்கு அது தெரியவில்லை. "இப்பத்தான் மாப்ளே சரக்கு தரமா இருக்கு" என்று அவர் முதுகில் தட்டியபோது எனக்குத் தலை கால் புரியவில்லை. சொந்த மெஷினில், முன்னும் பின்னுமாக அச்சடித்து, ஸ்பைரல் போட்டு, அட்டைக்கு லேமினேஷனும் செய்தேன்.

என் மனைவி வீட்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவள். புத்தகத்தைக் கையில் வாங்கி எடை பார்த்தாள்.

"இது வெளையாட்டா, இன்சூரன்ஸ் பேப்பரா?"

"படிச்சுப் பாத்துட்டுப் பேசு."

"இதுல புலிக்கு ரூல் இருக்கா?"

"புலிக்கு எதுக்கு? இல்ல."

"அப்ப நான் புலி" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வாரமே புலிக்கு ஆறு பக்கம் எழுதினேன்.

நாலாவது ஆள்தான் அந்த ஜீப்பு ஓட்டுநர். பக்கத்துக் கிராமமான சிலமலைக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். காலையில் போடியிலிருந்து பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு மலை உச்சியிலுள்ள போடிமெட்டைத் தாண்டி ஓர் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுவார். காயெடுப்பு முடிந்ததும் சாயங்காலம் கூட்டிவருவார். இருபது வருடமாக அதே பாதை, பதினேழு கொண்டை ஊசி வளைவு, பெரும்பாலும் அதே பெண்கள். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவரே சொல்லிவிடுவார். வண்டிப் பேப்பரை ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் மேசையில் கிடந்த பகடையைப் பார்த்து, என்ன ஏது என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இதுல நீங்க யாரா வேணும்னாலும் இருக்கலாம் அண்ணே" என்றேன். "ராசாவா இருக்கலாம், மந்திரவாதியா இருக்கலாம், பறக்கக்கூடச் செய்யலாம்."

அவர் வெகுநேரம் யோசித்தார். ஒரு கட்டுத் தாளை நான் அடித்து முடிக்கும்வரை யோசித்தார்.

"டிரைவராவே இருந்துக்கறேன் பாய்" என்றார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாலு பேரும் உட்கார்ந்தோம். மச்சான் கதையிலும் ஏலக்காய் வியாபாரிதான். என் மனைவி புலி. நான் குரலைத் தாழ்த்தி, பங்களாவையும் விளக்கையும் பற்றிச் சொல்லி, எல்லோருக்கும் மயிர்க்கூச்செறிந்திருக்கும் என்று நம்பி, "ஜீப்பு கிளம்புகிறது" என்றேன்.

"கெளம்பாது பாய்" என்றார் ஓட்டுநர்.

"ஏன்?"

"நாலு உருப்படிதான இருக்கோம். லோடு ஏறாம நான் வண்டி எடுக்க மாட்டேன்."

"அண்ணே, இது கதை."

"கதையா இருந்தாலும் டீசல் டீசல்தான பாய்?"

மச்சான் உடனே அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். வியாபாரத்தில் காலி வண்டி மலையேறுவது தரித்திரம் என்றார். என்ன செய்வது? ஓட்டுநரின் வழக்கமான பன்னிரண்டு பெண்களும் கதைக்குள் வந்து ஏறினார்கள். புலியை மேலே கேரியரில் உட்கார வைத்தோம். பிறகுதான் அவர் கையால் சாவி திருப்புவதுபோல் திருப்பினார்.

மலைப்பாதைக்கு நான் தனியாக விதி எழுதியிருந்தேன். அறுபத்தொன்றாம் பக்கம் தொடங்கி அறுபத்தேழு வரை. முதல் இரண்டு வளைவு பழகுவதற்கு, ஒன்றும் உருட்ட வேண்டாம். மூன்றாவதிலிருந்து முழு விதி. மூன்று பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணிலிருந்து கழித்துக்கொண்டே போக வேண்டும். வண்டியில் எவ்வளவு பாரம், எந்த கியர், ரோடு ஈரமா, பனிமூட்டம் உண்டா, எதிரே வண்டி வருகிறதா, ஓட்டுநர் எத்தனை மணிக்கு எழுந்தார், பிரேக் கட்டை மாற்றி எத்தனை மாதமாயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணை. எல்லாம் கழித்து மிச்சம் பத்தாவது நின்றால் வண்டி வளைவைத் தாண்டும். இல்லையென்றால் பள்ளம். ஒரு வளைவுக்கு இருபது நிமிடம் கணக்குப் போட்டோம். மச்சானுக்கு அது ஒரு சுகம். கால்குலேட்டர் கொண்டுவந்திருந்தார்.

ஜீப்பு கவிழ்ந்தது. பதினாறு பேரும் காலி.

பரவாயில்லை, கதையை முதலிலிருந்து தொடங்கலாம் என்றேன். அடுத்த ஞாயிறும் மூன்றாவது வளைவில் கவிழ்ந்தது. அதற்கடுத்த ஞாயிறும். நாலாவது வாரம் பதினேழு விழுந்தது. எல்லோரும் துள்ளி எழுந்தார்கள். கழித்து முடித்தபோது மிச்சம் எட்டு.

"பாய், ரூல்ல ஏதோ கோளாறு இருக்கு. அந்த எடத்துல ரெண்டாவது கியர்ல போட்டா தூங்கிக்கிட்டே போகலாம்" என்றார் ஓட்டுநர்.

எனக்கு யாராவது என் புத்தகத்தைக் குறை சொன்னால் காது சூடாகிவிடும். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் அவர் அதற்குப் பிறகு விதியைப் பற்றிப் பேசவே இல்லை. வாராவாரம் வந்து, பகடையை உள்ளங்கையில் வைத்து ஊதி, உருட்டி, கவிழ்ந்து, டீ குடித்துவிட்டுப் போனார். இப்படி ஒன்பது ஞாயிறு.

எனக்குத் தெரியாமல் நடந்தது ஒன்று உண்டு. அந்த மனிதர் வாய் மூடாதவர். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மலையேறும்போது முந்தின நாள் ஆட்டத்தைப் பெண்களிடம் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். முதலில் அவர்களும் சிரித்திருக்கிறார்கள். "நாங்களுமா செத்தோம்?" என்று கேட்டு, ஆமாம் என்றதும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். ஐந்தாறு வாரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. இன்னொன்றும் ஆகியிருக்கிறது. நிஜமான மூன்றாவது வளைவு வந்தால் அவர் கால் தானாக பிரேக்குக்குப் போக ஆரம்பித்துவிட்டது. வண்டியை நிறுத்துவார், பள்ளத்தை எட்டிப் பார்ப்பார், உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார், பிறகு எடுப்பார். இருபது வருடம் அந்த வளைவில் பேச்சை நிறுத்தாதவர்.

பத்தாவது ஞாயிறு எனக்கு ஒரு கல்யாணம், ஆட்டம் இல்லை. மறுநாள் திங்கட்கிழமை காலை அவர் ஜீப்பு நிற்குமிடத்துக்குப் போனபோது பன்னிரண்டு பேரும் பக்கத்து ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் முன்சீட்டில் உட்காருகிறவர் ஒருவர் உண்டு. ஐம்பதை ஒட்டிய வயது, நல்ல உடம்பு, அவர் ஏறாமல் மற்றவர்கள் ஏற மாட்டார்கள். பெயர் வேண்டாம், முன்சீட்டு அக்கா என்றே சொல்லுகிறேன். அவர் இறங்கிவந்து ஓட்டுநரிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

"வெளையாட்டுத்தான்னு எங்களுக்கும் தெரியும்ப்பா. ஆனா ஒம்பது தடவ எங்களப் பள்ளத்துல போட்டிருக்க. வெளையாட்டுக்காச்சும் ஒரு தடவ மேல கொண்டுபோய்ச் சேத்தியா? நீயும் அந்த எடத்துல நடுங்குற. புள்ளகுட்டிக்காரிக நாங்க."

அன்று மத்தியானம் ஓட்டுநர் கடைக்கு வந்து இதைச் சொன்னபோது, முதலில் எனக்கு வந்தது கோபம்தான். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மூடத்தனமா என்று ஆரம்பித்தேன். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சோறு கொண்டுவந்திருந்த என் மனைவி டிபன் கேரியரை வைத்துவிட்டு, புத்தகத்தை எடுத்து அறுபத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து, பென்சிலால் ஓரத்தில் ஏதோ போட்டாள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

"ஏங்க, மூணு பகடையும் ஆறு விழுந்தா எவ்வளவு?"

"பதினெட்டு."

"பதினாறு பேரு லோடுக்கு, இந்த அட்டவணைப்படி எவ்வளவு கழியுது?"

பார்த்தேன். ஒன்பது.

"மிச்சம் ஒம்பது. பத்து வேணும்கறீங்க. மழை, பனி, பிரேக் கட்டையெல்லாம் இன்னும் கழிக்கவே இல்ல. லோடோட அந்த வளைவ யாரு ஓட்டினாலும் தாண்ட முடியாது. அல்லா வந்து ஓட்டினாத்தான் உண்டு." பென்சிலைக் கீழே வைத்தாள். "இந்தத் தடவ கூடம்தாங்க கோணல்."

நூற்று நாற்பத்திரண்டு பக்கம் எழுதியவனுக்கு ஒரு கழித்தல் கணக்கு தெரியவில்லை. ஒன்பது வாரம் கால்குலேட்டர் தட்டிய மச்சானுக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு வாரமும் கொஞ்சத்தில் தவறியதாகவே நினைத்தோம். அத்தனை அட்டவணைக்குள் எது கோளாறு என்று யாருக்குத் தெரியும்?

ஓட்டுநர் என்னைப் பார்த்தார். "அப்ப எங்கையில கோளாறு இல்லையா பாய்?"

"இல்ல அண்ணே. என் புத்தகத்துலதான்."

"கை போயிருச்சுன்னே நெனச்சேன் பாய்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறுமாதிரி ஆனதும் எழுந்து வெளியே போய் நின்றார். எனக்கு அவமானமாக இருந்தது. அவரிடம் நான் சொன்ன பழமொழியை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

கணக்கு தப்பு என்று போய்ச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நம்பினோம். சாயங்காலமே ஓட்டுநர் போய் முன்சீட்டு அக்காவிடம் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டு, "அப்ப கணக்கத் திருத்திட்டு எங்க முன்னாடி ஆடுங்க. வண்டி மெட்டுக்குப் போய்ச் சேருதான்னு நாங்க பாக்குறோம்" என்று சொல்லிவிட்டாராம். ஞாயிறு நாலு மணி. ஒரு மணி நேரம்தான் தருவேன், துணி துவைக்கிற சோலி கிடக்கு என்றும் சொன்னாராம். அதுவரை ஓட்டுநருடைய ஜீப்பு சும்மா நின்றது.

ஆறு நாள் இருந்தது. நான் உட்கார்ந்து விதியைத் திருத்தினேன். ஏழு பக்கம் ஒன்பது பக்கமானது. மச்சான் வந்து, ஆளுக்கு ஐம்பது கிலோ என்பதை நாற்பத்தைந்து ஆக்கினால் போதும், வயதுக்குத் தக்கபடி ஓர் அட்டவணை போட்டால் இன்னும் சுத்தம் என்றார். நானும் போட்டேன். வியாழக்கிழமை என் மனைவி அதைப் பார்த்தாள்.

"வர்றவங்களுக்கு இத யாரு படிச்சுக் காட்டுவா?"

"நான்தான்."

"ஒரு மணி நேரத்துலயா?"

ஒன்பது பக்கத்தையும் ஒருமுறை புரட்டினேன்.

"நம்ம வீட்டு விசேஷத்துல பிரியாணிக்குத் தால்ச்சா எப்படி வைக்கிறோம்? பக்கத்துல வாளியில வச்சுக்கிட்டு, கேக்குறவங்களுக்கு ஊத்துறோம். நீங்க அண்டாவுலயே ஊத்திக் கலக்கி வச்சிருக்கீங்க. வேண்டாங்கறவன் எப்படித் திங்கறது? ஒரு பகடை, ஒரு கேள்வி, அது போதும். மிச்சத்த கேட்டா குடுங்க."

"என் நூத்தி நாப்பத்திரண்டு பக்கமும் தால்ச்சாவா?"

"பங்களா நல்லாத்தான் இருக்கு" என்றாள், ஆறுதலுக்கு.

ஒருநாள் முழுக்க அவளோடு பேசவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து ஒரே ஒரு தாளில் எழுதினேன். எழுதுவதற்கு அது மட்டும்தான் கஷ்டமாக இருந்தது. ஒரு பகடையை உருட்டு. நாலும் அதற்கு மேலும் விழுந்தால் நினைத்தது நடக்கும். மூன்றோ அதற்குக் கீழோ விழுந்தால் ஏதோ ஒரு தொல்லை வருகிறது. என்ன தொல்லை, அதற்கு என்ன செய்கிறார்கள் என்பதை அங்கே இருப்பவர்களே சொல்ல வேண்டும். வேறு கஷ்டம் சேர்க்க வேண்டுமானால் ஆடுகிறவர்கள் கேட்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒன்று கழியும். எழுதி முடித்துப் பார்த்தால் பாதித் தாள் காலியாகக் கிடந்தது. எனக்கு உடம்பில் சட்டை இல்லாதது போல இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விதியை மட்டும் நான் நம்பவில்லை. பகடையைப் புத்தகத்துக்குப் பின்னால் உருட்டி, என்ன விழுந்தாலும் ஐந்து என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

ஞாயிறு நாலு மணிக்குப் பன்னிரண்டு பேரில் ஏழு பேர் வந்தார்கள். காகிதக் கட்டுகள்மேல் உட்கார்ந்தார்கள். ஓட்டுநர் சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, கல்யாணத்துக்கு வந்தவர்போல ஓரமாக நின்றார். முன்சீட்டு அக்கா பழைய புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

"இதுல நாங்க எங்க தம்பி இருக்கோம்?"

அறுபத்தொன்றாம் பக்கத்தைக் காட்டினேன். படிக்கச் சொன்னார். என் எழுத்தை நானே வாய்விட்டுப் படித்தேன். "பாரம். பயணிகள், ஆளுக்கு ஐம்பது கிலோ."

"அம்பதா? இவளப் பாத்தா அம்பது மாதிரியா இருக்கு?" என்று பக்கத்திலிருந்தவரைக் காட்டினார் அக்கா. அந்தப் பெண் அவர் தொடையில் ஓர் அடி வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சநேரம் பார்த்தார்.

"பாரம்னு போட்டிருக்க" என்றார். நான் புத்தகத்தை வாங்கி மேசைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஆட்டம் தொடங்கியது. ஒரு நிமிடத்தில் விதியைச் சொல்லி முடித்துவிட்டேன். பகடையை எடுத்தேன். அக்கா கையை நீட்டினார்.

"எங்கிட்ட கொண்டா. வண்டியில உக்காந்திருக்கது நாங்கதான?"

ஐந்து என்று சொல்லும் திட்டம் அதோடு போனது.

முதல் வளைவுக்கு ஒரு பெண் உருட்டினாள், ஐந்து. இரண்டாவதுக்கு இன்னொருத்தி, நாலு. இத்தனை வேகமாகப் போகிறதே, கழிப்பதற்கு ஒன்றுமே இல்லையே என்று மச்சான் தவித்துக்கொண்டிருந்தார். அப்போது கடைசியில் உட்கார்ந்திருந்த ஓர் இளம்பெண் வாயைத் திறந்தாள்.

"ஏண்ணே, கோட எறங்காமலா இருக்கும்? காலைல மலையில முன்னால போற மாடே தெரியாதே."

பனிமூட்டத்தைக் கேரள எல்லைப் பக்கத்தில் கோட என்றுதான் சொல்லுவார்கள். "வேணும்னா வச்சுக்கலாம்" என்றேன். "ஆனா ஒண்ணு கழியும்."

"கழியட்டும். கோட இல்லாம அது என்ன மலை?"

"எதிர்த்தாப்புல பஸ்சும் வரணும்" என்றாள் இன்னொருத்தி. "அவன் ஏறுற வண்டிக்கு வழி விடாம ஆரனடிப்பான்."

"ஆமா, அந்த மீசக்காரன்!"

அதற்கும் ஒன்று கழியும் என்றேன். கழியட்டும் என்றார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இதே பனிமூட்டத்தையும் எதிர்வண்டியையும் நான் அட்டவணை போட்டுக் கொடுத்தபோது ஓட்டுநர் கொட்டாவி விட்டார். இவர்கள் தாங்களாகக் கேட்டு வாங்கி, கழியக் கழியச் சந்தோஷப்படுகிறார்கள். நான் திணித்ததும் இதுதான், இவர்கள் கேட்டதும் இதுதான். கேட்டு வாங்கியதால் அது இவர்களுடைய கோட, இவர்களுடைய மீசைக்காரன். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடமும் நாலு ரீம் காகிதமும் ஆனது.

மூன்றாவது வளைவு. அக்கா உருட்டினார்.

இரண்டு விழுந்தது. பனிமூட்டத்துக்கு ஒன்று, பஸ்சுக்கு ஒன்று கழிந்தது. மிச்சம் ஒன்றுமே இல்லை.

ஓட்டுநர் சுவரோடு ஒட்டிக்கொண்டார், உள்ளங்கை சலவைச் சட்டைக்குப் போனது. ஒன்பது வாரம் நான் அந்த இடத்தில் சொன்ன வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. தாளைப் பார்த்தேன். அதில் கவிழ்வதைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை.

"தொல்லை வருது அக்கா" என்றேன். "என்ன தொல்லைன்னு நீங்கதான் சொல்லணும்."

அக்கா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"என்ன வரும்? எஞ்சின் நின்னுபோகும். போன மழைக்குக்கூட அந்த எடத்துல நின்னுச்சு."

"அப்ப என்ன செய்வீங்க?"

"எறங்கித் தள்ளுவோம். வேற என்ன செய்ய?"

"நானும் இவளும் டயருக்குப் பின்னால கல்லு போடுவோம்" என்றாள் இளம்பெண். "வண்டி பின்னால உருளாம."

"இவரு உள்ள உக்காந்துக்கிட்டு, தள்ளு தாயி, தள்ளு தாயின்னுவாரு."

"ஆமா பாய்" என்றார் ஓட்டுநர். சுவரை விட்டு வந்துவிட்டார். "கல்லு இல்லாட்டி நான் என்னிக்கோ போயிருப்பேன். முதக் கல்லு எப்பவும் அக்காதான்."

"புலியும் எறங்கித் தள்ளுது" என்றாள் என் மனைவி. கடையே அதிர்ந்தது.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் மேசைக்கு அடியில் கிடந்த புத்தகத்தைப் பார்த்தேன். பிரேக் கட்டைக்கும் நனைந்த கயிற்றுக்கும் இடம் கொடுத்த என் புத்தகத்தில் ஒருவர்கூட வண்டியை விட்டு இறங்கவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரையும் நான் எடை என்று எழுதியிருந்தேன். எடை எங்கேயாவது இறங்கித் தள்ளுமா? ஒன்பது முறையும் வண்டியைப் பள்ளத்தில் போட்டது கழித்தல் கணக்கு மட்டும் இல்லை.

மிச்ச வளைவுகளை வெரசாக முடித்தார்கள். ஒன்பதாவதில் குரங்கு வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். பன்னிரண்டாவதில் நிறுத்தி ஒருத்தி வாந்தி எடுத்தாள். அதற்கு விதி இருக்கிறதா என்று மச்சான் என் காதில் கேட்டார். போடிமெட்டு வந்து சேர்ந்தது. இனி பங்களா என்று நான் குரலைத் தாழ்த்த, அக்கா எழுந்துவிட்டார். துணி ஊறுகிறதாம். பகடையை மேசையில் வைக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டார். நாளைக்கு எந்த ஜீப்பு என்று யாரும் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நான் ஜீப்பு நிற்குமிடத்துக்குப் போனேன். ஓட்டுநர் வண்டியைக் கழுவி, பூ போட்டு, பக்கத்தில் நின்றார். மலை தெரியவில்லை, அவ்வளவு பனி. பெண்கள் தூக்குவாளிகளோடு வந்தார்கள். பக்கத்து ஜீப்புக்காரன் எஞ்சினைப் போட்டு ஆரன் அடித்தான். அவர்கள் இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்றார்கள். முன்சீட்டு அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து, பகடையை எடுத்து, எங்கள் ஓட்டுநரின் பானட்மேல் உருட்டினார்.

ஒன்று விழுந்தது.

ஓட்டுநர் முகத்தில் ரத்தம் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பகடை என்று ஒன்றை இந்த ஊருக்குக் கொண்டுவந்த என்னையே சபித்துக்கொண்டேன்.

"ஒண்ணா?" என்றது அக்காவின் குரல். "வண்டியில கல்லு கெடக்கா?"

"ரெண்டு கெடக்குக்கா" என்றார் அவர்.

"போதும். ஏறுங்கடி."

பன்னிரண்டு பேரும் ஏறினார்கள்.